ஆற்றைப் படிக்க ஆசை, பிழைப்பு நடக்குமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வீரவநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பாளையங்கோட்டையில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். தாமிரபரணியைப் பற்றி ஆராய்ச்சி செய்யவேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றைச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று ஆசை. வீட்டிலோ பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்குப் போ, இல்லையென்றால் வங்கித் தேர்வு எழுது என்கிறார்கள். "ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று அம்மா கேட்டாராம். இதில் பிழைப்பு உண்டா, உண்டென்றால் எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி.

என் மகள் வயதுதான் உனக்கும் இருக்கும். அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் ஆற்றுப் பூச்சிகளை ஆராய்ந்து பட்டம் பெற்றவள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஆற்றங்கரையில்தான் என் வேலை. பாதி ஆராய்ச்சி, பாதி பள்ளிக்கூடம்.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லவேண்டும். சம்பளம் உண்டு; ஆனால் தாமதமாக வரும். எம்.எஸ்ஸி. இரண்டு வருடம், முனைவர் பட்டம் ஐந்து வருடம் என்று வைத்துக்கொள். தேசிய அளவிலான நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை கிடைத்துவிட்டால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலை நல்கைக்கு உயர்ந்தபின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. நம் ஊரில் அது கௌரவமான தொகை. அந்த நல்கை கிடைக்காதவர்கள் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளராகச் சேர்கிறார்கள். அங்கே தொகை குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். எனக்கு ஒரு நிறுவனத்தில் ஏழு மாதம் உதவித்தொகை வராமல் நின்றது. காது வளையத்தை அடகு வைத்துத்தான் மாதிரி சேகரிக்கப் பஸ் ஏறினேன். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வீட்டில் பேசும்போது எல்லாம் நல்லபடி நடக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பாதே. முதல் ஏழெட்டு வருடம் கை இறுக்கமாகத்தான் இருக்கும் என்று அம்மாவிடம் நீயே சொல். நல்கை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்பதையும் சேர்த்துச் சொல்.

பி.எட். பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஆசைக்கு எதிரி மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் ஆசிரியர் என்று தனிப் பதவி கிடையாது. விலங்கியலும் தாவரவியலும் படித்துவிட்டு வகுப்பில் நிற்கிறவர்கள்தான் அதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளி கல்லூரிகளில் சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. பட்டப் படிப்பில் நீ படித்த அந்தக் கட்டாயத் தாள் அதன் வழியாக வந்ததுதான். பாடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, தேசிய பசுமைப் படை என்று பள்ளிகளில் மன்றமும் இருக்கிறது. ஆற்றில் காலை நனைத்து அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. வகுப்பை நடத்தத் தெரிந்த ஆராய்ச்சியாளருக்கு எங்கேயும் மதிப்பு உண்டு. அதனால் பி.எட். படித்தால் ஒன்றும் வீணாகாது. எம்.எஸ்ஸி.க்கு முன்னா பின்னா என்பதை மட்டும் வீட்டில் பேசி முடிவுசெய்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். ஆற்றைப் படிக்க விரும்புகிறவர்கள் பலரும் ஆறு முழுவதையும் பார்க்கக் கிளம்புகிறார்கள். பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரை ஏறக்குறைய 125 கிலோமீட்டர். ஒரு கோடையில் முப்பது இடத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒரு கட்டுரை எழுதி முடித்துவிடலாம். அதற்குப் பட்டமும் கிடைக்கும். ஆனால் ஆற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரிவது அந்த ஒரு கோடை மட்டும்தான். நான் சொல்வது இது: ஒரே ஒரு படித்துறையைத் தேர்ந்துகொள். மாதம் தவறாமல், அதே நாளில், அதே நேரத்தில் போ. பத்து வருடம் போ. இந்த ஆற்றில் நமக்கு இல்லாத பொருள் அந்த நீண்ட பதிவேடுதான். அது உன் கையில் இருந்தால் வேலை உன்னைத் தேடி வரும்.

அதே நேரத்தில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதை நான் ஒரு வருட உழைப்பைக் கொடுத்துக் கற்றேன். ஆய்வின் தொடக்கத்தில், திருநெல்வேலி நகரத்துக்குக் கீழே ஓர் இடத்தில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்துவந்தேன். பஸ் கிடைத்த நேரத்துக்குப் போவேன். ஒரு மாதம் காலை ஏழு மணி, அடுத்த மாதம் பிற்பகல் இரண்டு மணி. சில மாதங்களில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம், சில மாதங்களில் எட்டு. ஆறு சீர்பட்டுவருகிறது என்று ஆசையோடு எழுதிவைத்தேன். வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: "எத்தனை மணிக்கு எடுத்தாய்?" பாசியும் நீர்ச்செடியும் பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீன்களைப் போல மூச்சுவாங்கி அதையே செலவழிக்கின்றன. ஆகவே விடியும் நேரத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு, பிற்பகலில் மிக அதிகம். குளங்களில் மீன் செத்து மிதப்பதை ஆட்கள் விடிகாலையில் பார்ப்பதும் இதனால்தான். நான் அளந்தது ஆற்றின் நலத்தை இல்லை, பஸ்ஸின் நேரத்தை. அந்த வருடத்து எண்கள் முழுவதையும் கிழித்துப்போட்டேன்.

அந்த ஆக்சிஜனை அளக்கும் முறையைக் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்திருப்பாய். வின்க்ளர் முறை என்று பெயர்; 1888இல் வந்தது, இன்றும் அதைவிட நம்பகமான மலிவான வழி இல்லை. 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் குமிழ் இல்லாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு மூடிக் குலுக்கினால், ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் பழுப்பு நிறத்தில் வண்டல் இறங்கும். ஆக்சிஜனே இல்லையென்றால் வண்டல் வெள்ளையாக நிற்கும். எவ்வளவு என்ற எண், பிறகு ஆய்வகத்தில் அமிலமும் தயோசல்பேட்டும் ஸ்டார்ச்சும் சேர்த்துக் கண்டுபிடிப்பது. ஆனால் கரையிலேயே கண் முன்னால் நிறம் தெரிந்துவிடுகிறது. ஒருமுறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், ஆற்றின் நடுவோட்டத்திலிருந்து ஒரு பாட்டில், சாக்கடை வந்து விழும் இடத்திலிருந்து ஒரு பாட்டில் என்று பிடித்தோம். மருந்தை நான்தான் கையுறை போட்டுக்கொண்டு விட்டேன். ஒன்று நல்ல பழுப்பு. மற்றது தயிர் மாதிரி வெள்ளை. யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அப்ப அந்தத் தண்ணியில இருக்கிற மீனெல்லாம் எப்படி மூச்சு விடும்?" எனக்கு அந்த ஒரு கேள்வி பத்துச் சொற்பொழிவுக்குச் சமம். ஆற்றைக் காப்போம் என்று பதாகை பிடித்து ஊர்வலம் போகும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி பிறப்பதை நான் பார்த்ததில்லை. நீ கல்வி வேலைக்கு வந்தால், ஓவியப் போட்டியிலும் கோஷத்திலும் காலத்தைக் கழிக்காதே என்று கேட்டுக்கொள்வேன். ஒரு வகுப்பு, ஒரு படித்துறை, மாதம் ஒரு தடவை; அது போதும். ஆராய்ச்சியும் கல்வியும் இரண்டு தொழில் என்று நீ எழுதியிருக்கிறாய். இந்தக் கரையில் இரண்டும் ஒரே பாட்டிலில்தான் நடக்கின்றன.

கருவி இல்லாமலும் ஆறு பேசும். ஓட்டத்தில் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பார். மூன்று வால் உள்ள சிறு பூச்சி கல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடும். மேஃபிளை என்கிற பூச்சியின் இளம் பருவம் அது. மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கு ஒரு கூடு கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புழு இன்னொன்று. இவற்றில் பலவும் அழுக்குத் தாங்காதவை. முண்டந்துறை மலையோடைகளில் கல்லுக்குக் கல் இருக்கும். நகரத்துக்குக் கீழே கல்லைப் புரட்டினால் சிவப்பு நிறப் புழுக்களும் சேறும்தான். தண்ணீர்ப் பரிசோதனை அந்த நிமிடத்தைச் சொல்லும். பூச்சிகள் கடந்த சில மாதங்களில் ஆறு எப்படி இருந்தது என்பதையே சொல்லும்.

அடுத்தது, ஊர்க்காரர்களின் அறிவு. நீ விவசாயக் குடும்பம் என்பதால் இதில் உனக்கு என்னைவிட முன்னிலை உண்டு. கார், பிசானம் என்ற நெல் பருவங்களை உனக்கு யாரும் விளக்கவேண்டாம். வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கு, ஜூன் தொடக்கத்தில் ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறுவது மழையாலா, கார் சாகுபடிக்கு அணை திறந்ததாலா என்பதே விளங்க ஒரு வருடம் ஆகும். நம் மலை தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிறது. வற்றாத நதி என்ற பெயர் அதனால் வந்தது. ஆனால் இப்போது ஆற்றில் எந்த நாளில் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பெரும்பாலும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் மதகுகள்தான் தீர்மானிக்கின்றன. கோடைமேலழகியான் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் வரிசையாக ஆற்றைத் தடுத்து வாய்க்காலுக்குத் திருப்புகின்றன. ஓடும் தண்ணீரில் வாழும் மீனுக்கும் தேங்கிய தண்ணீரில் வாழும் மீனுக்கும் இடம் பிரிவது இந்த அணைக்கட்டுகளால்தான். உன் அப்பாவோ, உங்கள் குளத்தின் மடை திறக்கிறவரோ வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதியைக் குறித்துவைத்திருந்தால் அதை வாங்கிப் பத்திரப்படுத்து. அது தரவு.

மீனுக்கும் இதே கதை. தாமிரபரணியில் மட்டுமே வாழும் மீன்கள் இருக்கின்றன. இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய சிறு கெண்டை ஒன்றை ஈ.ஜி. சைலஸ் 1950களில் விவரித்தார். இன்று அது அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரைப் புத்தகத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் சேரன்மகாதேவிப் பக்கம் வீச்சு வலை போடும் ஒரு பெரியவர் சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலும் அந்த வரிசையில் படித்ததில்லை. "மணல் இருந்த வரைக்கும் ஆரால் இருந்தது. மணலை லாரியில் ஏற்றினார்கள், ஆராலும் அதோடு போயிற்று" என்றார். ஆரால் மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு வாழும் மீன். அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தில் ஓர் ஆய்வுக் கேள்வி முழுதாக இருக்கிறது: எங்கே மணல் மிச்சமிருக்கிறது, அங்கே ஆரால் இருக்கிறதா? அயிரை, உளுவை, விரால், கெளுத்தி என்று ஒவ்வொரு பெயரையும் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள். எந்த மாதத்தில் எந்தக் கசத்தில், அதாவது ஆற்றின் எந்த ஆழமான பள்ளத்தில், கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுது. வெளியிடும்போது அவர்களிடம் அனுமதி கேள், நன்றியும் சொல். மலைமேல் வாழும் காணிக்காரப் பழங்குடி மக்களோடு வேலை செய்ய நேர்ந்தால் இது இன்னும் முக்கியம்.

படிப்பு. உள்ளூரிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. ஓடை மீன்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அதற்கு நல்ல பெயர். மீன் பக்கம் சாய்வாய் என்றால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. காட்டுயிர் உயிரியலுக்கு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் உண்டு. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் இடம் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். ஆனாலும் எழுதிப் பார். எங்கே படித்தாலும் இரண்டு விஷயத்தை நீயாகக் கற்றுக்கொள்ளவேண்டும். ஒன்று புள்ளியியல், 'ஆர்' என்ற இலவச மென்பொருள் போதும். இன்னொன்று வரைபடம், 'கியூஜிஐஎஸ்', அதுவும் இலவசம். விலங்கியல் மாணவிகள் கணக்கைக் கண்டு ஒதுங்குவதால் இழந்த வாய்ப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

வேலை எங்கே என்றால், கல்லூரி ஆசிரியர் பணியும் ஆய்வு நிறுவனங்களும் எல்லாரும் அறிந்தவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்ற பணி இருக்கிறது. வனத்துறைக்குத் தேர்வாணையம் வழியாகப் போகலாம். கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் உண்டு. தொண்டு நிறுவனங்களில், நமக்கு அருகிலேயே மணிமுத்தாற்றில் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இருக்கிறது. 2011 முதல் அவர்கள் மற்ற இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அதில் தன்னார்வலராகச் சேர். ஒரு நாள் முழுக்கக் குளத்துக் கரையில் தொலைநோக்கியோடு நின்றால், இந்தத் துறையில் உள்ள பாதிப் பேரை அறிமுகம் செய்துகொண்டுவிடுவாய். எனக்குத் தெரிந்து நல்ல வேலைகள் பல விளம்பரத்தில் வருவதற்கு முன்பே இப்படிப்பட்ட கரைகளில்தான் காதில் விழுகின்றன.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் சீக்கிரமே நல்ல சம்பளம் தரும். அங்கே நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்த அனுபவம் கசப்பானது. மழைக்காலத்தில் நான் கால் வைக்காத ஓர் ஓடைக்கு, மழைக்கால மீன் பட்டியலை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பக்கத்து மாவட்டத்து அறிக்கையைப் பார்த்து நிரப்பினால் போதும் என்றார்கள். மறுத்து வெளியே வந்தேன். அந்தக் கையெழுத்தின் பேரில்தான் ஓர் ஓடையை மூடலாமா கூடாதா என்று முடிவெடுப்பார்கள். பணத்தேவை இருக்கும் வயதில் இந்தச் சோதனை உனக்கும் வரும். அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

பெண் என்பதால் கேட்டிருக்கிறாயே, தனியாகப் போகலாமா என்று. தொடக்கத்தில் போகாதே. தோழியோ தம்பியோ ஒருவர் கரையில் நிற்கட்டும். படித்துறையில் துணி துவைக்கும் பெண்களிடம் முதல் நாளே பேசி, என்ன செய்கிறேன் என்று காட்டிவிடு. இரண்டாம் மாதம் அவர்களே உன் பையைப் பார்த்துக்கொள்வார்கள். என் ஆய்வுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு அதுதான். பாபநாசம் பக்கம் அணைத் தண்ணீர் திடீரென்று ஏறும், பாறை வழுக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நமக்குப் பழமொழி இல்லை, வேலை விதி. நீச்சல் தெரியாவிட்டால் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதே; இந்த விடுமுறையில் கற்றுக்கொள். புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு என்றால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கிடைக்க மாதங்கள் ஆகும். அதனால் முதல் வேலையைக் காட்டுக்குள் வைத்துக்கொள்ளாதே.

உன் ஊருக்கு அருகில் திருப்புடைமருதூர் இருக்கிறது. கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம். கரையில் பழைய மருத மரங்கள். மரங்களில் பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும். 2005இல் அரசு அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே இரண்டு ஆற்றுத் தண்ணீரும் கலப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்கலாம்.

இப்போதைக்கு ஒரு வெப்பமானியும் கெட்டி அட்டை போட்ட நோட்டும் வாங்கினால் போதும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி. தேதி, நேரம், தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது, தண்ணீரின் வெப்பம், நிறம், அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரை மிதக்கிறதா, கல்லைப் புரட்டினால் என்ன இருக்கிறது, யார் குளிக்கிறார்கள், என்ன மீன் பிடித்தார்கள். இவ்வளவும் பென்சிலால் எழுது; பேனா மை நனைந்தால் போய்விடும். மூன்று மாதம் எழுதியபிறகு அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எம்.எஸ்ஸி.க்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். முதல் ஞாயிறு போகும்போது முடிந்தால் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போ. அவர் சிறுமியாக இருந்தபோது எந்தப் படி வரை தண்ணீர் நின்றது என்று கேட்டு, அதையும் முதல் பக்கத்தில் எழுதிவை.